முன்சீப் வேதநாயகர்: வழக்குமன்றத்தில் வளர்ந்த உரைநடை

ஒரு நாட்டில் நீதி நிலவுகின்றதா என்பதை அறிய விரும்புவோர் அந்நாட்டுச் சட்டநூல்களையெல்லாம் புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. வழக்குமன்றத்தின் வாயிலில் சிறிதுபோழ்து நின்றாலே போதும். உள்ளே நடந்த வாதத்தையும், நடுவர் அளித்த தீர்ப்பையும், அத்தீர்ப்பின் காரணத்தையும் வெளியே வரும் குடியானவன் தன் மனைவிக்கு எடுத்துச் சொல்ல வல்லவனாயிருப்பின், அங்கே நீதி உண்டென்று நம்பலாம். "என்னவோ பேசினார்கள், பணம் கட்டச் சொன்னார்கள்" என்று மட்டும் கூறி அவன் பெருமூச்செறிவானாயின், அங்கே தீர்ப்பு உண்டு, நீதி உண்டென்று துணிந்துரைத்தல் இயலாது.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, அதற்கெனத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழில் முதல் நாவல் இயற்றியவர் என்று அவரைப் பள்ளிச் சிறாரும் அறிவர். கிறிஸ்துவ சமயத்தவர் என்பதும் பலர் அறிந்ததே. அவர் முன்சீப் வேலை பார்த்தவர் என்னும் செய்தியோ, பெயருக்கு முன் வரும் பட்டம்போல, சொல்லிவிட்டுக் கடந்து செல்லப்படுகின்றது. உற்று நோக்கின், அந்த முன்சீப் வேலையே அவருடைய நூல்களுக்கெல்லாம் திறவுகோல் என்பது புலனாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளத்தூர் முதல் மாயூரம் வரை

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். இளமையில் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயின்றார். அக்காலத்தில் இவ்விரண்டினையும் செவ்வனே கற்றவர் மிகச் சிலர். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதே 1857இல்தான். ஆகவே, பட்டம் பெறுதற்குரிய வாயில் திறக்கப்படுமுன்னரே தம் கல்வியை முடித்துக்கொண்டவர் அவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக வேலைக்கு அமர்ந்தார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் முன்சீப் பதவி கிடைத்தது. முதலில் தரங்கம்பாடியிலும், அதன்பின் சீகாழியிலும், பிறகு மாயூரத்திலும் அவ்வலுவலைப் பார்த்தார். மாயூரத்திலேயே நெடுங்காலம் தங்கியமையால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வேலையினின்று விலகிய பின்னர் அந்நகரசபையின் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் காலமானார்.

ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர், முன்சீப் என்னும் இம்மூன்று படிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதற்படியில் வழக்குத் தாள்களைக் கண்டார். அவற்றில் ஏழைகளின் நிலமும் கடனும் மணமும் பிணக்கும் எழுத்துருவில் கிடந்தன. இரண்டாம் படியில், அவ்வேழைகளின் சொற்கள் துரைகளின் மொழிக்கும், துரைகளின் சொற்கள் ஏழைகளின் மொழிக்கும் மாறும் வழியினைக் கண்டார். மாறுங்கால் எவ்வளவு பொருள் சிந்திச் சிதறுகின்றது என்பதையும் கண்டிருத்தல் கூடும். மூன்றாம் படியில் தாமே தீர்ப்பளிக்கும் இருக்கையில் அமர்ந்தார். மக்கள் வாழ்க்கையை இவ்வளவு அணுக்கமாக நின்று காணும் வாய்ப்பு அக்காலப் புலவர் எவர்க்கு வாய்த்தது? மடங்களிலும் அரண்மனைகளிலும் இருந்து பாடியவர்க்கு அது வாய்த்திலது.

சட்டத்தைத் தமிழாக்கியது

கும்பினியார் ஆட்சியில் மேல்மன்றமாகிய சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. கீழ்மன்றங்களில் வழக்காடுவோரும் அவர்க்காகப் பேசுவோரிற் பலரும் ஆங்கிலம் அறியாதவர். தம் வழக்கைப் போன்ற வழக்கில் முன்னர் எவ்வாறு தீர்ப்பாயிற்று என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வழியில்லை. அறிந்தவர் சிலர், அச்சிலர் சொன்னதே சட்டம். சட்டம் ஒரு சிலரின் மடியில் முடிந்துவைத்த பொருளாயிற்று.

அம்முடிச்சினை அவிழ்த்தவர் வேதநாயகர். 1805 முதல் 1861 வரை வெளியான மேல்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் மொழிபெயர்த்து, 1862இல் நூலாக வெளியிட்டார். அது 'சித்தாந்த சங்கிரகம்' எனப் பெயர் பெற்றது. அதே 1862ஆம் ஆண்டில்தான் சதர் அதாலத் மறைந்து, சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய மன்றத்தின் ஐம்பதாண்டுத் தீர்ப்புகளை, அம்மன்றம் மறையும் தறுவாயில், தமிழ் மக்கள் கையில் ஒருவர் ஒப்படைத்துச் சென்றார்.

இந்நூலை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் சொல்லி முடிப்பர். அதில் கதையில்லை, அணியில்லை, கற்பனையில்லை என்பது மெய்யே. ஆயினும், அதற்குள் ஒரு பெரும் பயிற்சி அடங்கியிருந்தது. நிலம், உடைமை, தத்து, சீதனம், சான்று, கையொப்பம் ஆகிய அன்றாடப் பொருள்களைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றித் தமிழில் எழுதுவதெப்படி என்பதே அப்பயிற்சி. செய்யுளில் ஒரு சொற்குப் பல பொருள் இருப்பது அழகு. தீர்ப்பிலோ ஒரு சொற்கு இரு பொருள் இருப்பின் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். அவ்வச்சத்தோடு எழுதிப் பழகிய கையே பின்னர் நாவலையும் எழுதிற்று.

அவர் முதலிற் பணியாற்றிய தரங்கம்பாடியும் இவ்வகையில் பொருத்தமுடைய ஊரேயாகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், ஜெர்மானியப் பாதிரியாராகிய சீகன்பால்கு தமிழில் நூல் அச்சிட்டு மக்களிடம் பரப்பிய ஊர் அது. புலவரிடம் மட்டும் நில்லாமல் எளியாரிடமும் தமிழெழுத்து செல்லவேண்டும் என்னும் எண்ணம் கிறிஸ்துவப் பெரியார்களிடம் தொடர்ந்து வந்தது. வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை உரைநடையில் எழுதியதும் அவ்வழியிலேதான். வேதநாயகர் அவ்வழியை வழக்குமன்றத்துக்குள் கொண்டுசென்றார்.

கைக்கூலியை எதிர்த்த நடுவர்

1859இல் வெளிவந்த 'நீதிநூல்' அவர் இயற்றிய செய்யுள் நூல்களுள் முதன்மையானது. நீதிநூல்கள் தமிழுக்குப் புதியனவல்ல. ஆயின், இந்நூலில் ஒரு புதுமை உண்டு. பெற்றோர், ஆசிரியர், கணவன், மனைவி ஆகியோர்க்குரிய ஒழுக்கத்தோடு, அலுவல் பார்ப்போர்க்குரிய ஒழுக்கத்தையும் அது விரித்துக் கூறுகின்றது. கைக்கூலி வாங்குவதன் இழிவுக்கெனத் தனி அதிகாரமே அமைந்துள்ளது. பழைய நீதிநூலார் அரசனை நோக்கிச் செங்கோல் வளையாதே என்றனர். வேதநாயகரோ மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவையும் சேவகனையும் நடுவனையும் நோக்கிப் பேசினார். ஏன்? குடியானவனுக்கு அரசன் கண்ணில் படுவதில்லை. மேசையே கண்ணில் படுகின்றது. அம்மேசையடியில் நடப்பதை இருக்கையில் அமர்ந்தே கண்டவராதலின், அவருடைய அறவுரைக்கு ஆற்றல் மிகுதி.

நாவலும் நீதிமன்றமும்

1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறையைப் போக்கவே இதனை எழுத முற்பட்டதாக அவர் முன்னுரையில் குறிப்பிடுகின்றார். செய்யுளை அவர் வெறுத்தவரல்லர். தாமே பல செய்யுள் நூல்கள் செய்தவர். ஆனால் மேலைநாட்டு மக்கள் உரைநடை நூல்களைக் கற்றே பெரிதும் திருந்தினர் என்றும், நம் மக்களும் அவ்வாறே திருந்துதல் கூடும் என்றும் அவர் உறுதியாக நம்பினார். ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் தாய்மொழியைப் புறக்கணிப்பதை அந்நாவலிலேயே கடிந்துரைக்கின்றார். ஆங்கிலம் வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. கற்றதைத் தமிழில் எழுதி, கல்லாதவர்க்கும் கொடு என்பதே அவர் கருத்து.

ஈண்டு இந்தியாவின் பிற மொழிகளையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். வங்காளத்தில் 1865இல் 'துர்கேச நந்தினி' எழுதிய பங்கிம் சந்திரர் துணை மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தவர். மலையாளத்தில் 1889இல் 'இந்துலேகா' எழுதிய சந்து மேனன் முன்சீப்பாக இருந்தவர். தமிழில் முதல் நாவல் எழுதியவரும் முன்சீப்பே. மும்மொழியிலும் நாவலின் தொடக்கத்தில் நீதித்துறையைச் சார்ந்தவர் நிற்பது தற்செயலாகுமா? அன்று எல்லா வகுப்பினரும் எல்லாத் தொழிலினரும் வந்து, தத்தம் கதையைத் தத்தம் வாயால், நாள் இடம் சான்றுடன் சொல்லும் இடம் ஒன்று இருந்தது என்றால், அது வழக்குமன்றமே. ஒரே நிகழ்ச்சியை வாதி ஒருவாறும் பிரதிவாதி மற்றொருவாறும் சொல்வர். இரண்டையும் கேட்டு மனிதரின் உள்ளத்தை ஊகிப்பவன் நடுவன். நாவலாசிரியன் வேலையும் அதற்கு வெகுதூரமன்று.

பிரதாப முதலியார் கதையை ஈண்டு முழுதும் சொல்லவேண்டுவதில்லை. பிரதாபன் தானே தன் வரலாற்றைக் கூறுகின்றான். அவன் மனைவி ஞானாம்பாள் அவனைவிட அறிவிற் சிறந்தவள். இருவரும் பிரிய நேர்ந்தபோது, ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் விக்கிரமபுரி என்னும் நாட்டுக்கு அரசனாகின்றாள். அந்நாட்டின் வழக்குமன்றத்தில் பிரதாபன் அநீதியாகத் தண்டனை பெறுகின்றான். அரசுகட்டிலில் இருந்த ஞானாம்பாள் அந்நாட்டின் நீதிமுறையிலுள்ள கேடுகளைக் களைந்து சீர்திருத்துகின்றாள். கற்பனை நாடு ஒன்றினைப் படைத்து, தாம் நாள்தோறும் கண்ட கேடுகளை அதில் வைத்துக்காட்டி, அவற்றை நீக்கும் வழியையும் ஆசிரியர் காட்டிவிட்டார்.

அப்பகுதியில் அவர் எழுப்பும் வினா மிக எளியது. வழக்காளி தமிழன், எதிர்வழக்காளி தமிழன், வக்கீல் தமிழன், தீர்ப்பளிப்பவனும் தமிழன். இவ்வாறிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பானேன்? தன் உயிரும் உடைமையும் பற்றிய பேச்சினை, அவற்றுக்குரியவன் ஒருவனைத் தவிர மற்றெல்லாரும் விளங்கிக்கொள்கின்றனர். இது முறையாகுமா? அரசின் ஊதியம் பெற்றிருந்த அலுவலர் ஒருவர், ஆங்கில ஆட்சி உச்சநிலையில் இருந்த காலத்தில், இவ்வினாவை அச்சில் ஏற்றினார். கதையென்னும் போர்வை இருந்தது மெய்யே. ஆயினும், போர்வைக்குள் இருந்த உருவம் எவர் கண்ணுக்கும் தெளிவாகவே தெரிந்தது.

அவ்வினாவுக்கு விடை கிடைக்க எவ்வளவு காலமாயிற்று! 1956இல்தான் சென்னை இராச்சியம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றியது. கீழ்மன்றங்களில் தமிழ் இடம்பெறுதற்குரிய திருத்தம் 1970களில் வந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றிற்று, அத்தீர்மானம் ஏற்கப்படவில்லை. விக்கிரமபுரியில் ஞானாம்பாள் தீர்த்துவைத்த சிக்கல் சென்னையில் நூற்றாண்டு கடந்தும் முழுதும் தீர்ந்தபாடில்லை.

பெண்கல்வி

பூட்டிய கதவு இன்னொன்றும் இருந்தது. பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டமையே அது. 1869இல் வேதநாயகர் 'பெண்மதி மாலை' என்னும் நூலை வெளியிட்டார். அதனோடு பெண்கல்வி, பெண்மானம் என்பன பற்றி உரைநடையிலும் எழுதினார். மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியும் தொடங்கினார். பெண் படித்தால் கெடுவாள் என்று கற்றோரே நம்பிய காலம் அது. இளஞ்சிறாரை மணவறையில் ஏற்றும் கொடுமையை 1887இல் வெளிவந்த 'சுகுண சுந்தரி' என்னும் இரண்டாம் நாவலில் கண்டித்தார். ஆண்பெண் இருபாலாரும் அறிவு முதிர்ந்த பின்னரே மணம் புரிதல் வேண்டும் என்னும் கருத்து, இந்நாளில் நமக்கு எளிதாகத் தோன்றும். ஐந்து வயதில் மணமும் பத்து வயதில் கைம்மையும் கண்ட நாட்டில் அஃது எளிதன்று.

சமயமும் சமரசமும்

வேதநாயகர் தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தேவமாதாவைப் போற்றி அந்தாதி பாடினார். தம் வாழ்வின் இறுதியாண்டில் 'சத்திய வேதக் கீர்த்தனை' வெளியிட்டார். ஆயினும், அவருடைய நண்பர் கூட்டத்தைப் பாருங்கள். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு உற்ற நண்பர். நந்தனார் கதையைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவரிடம் பேரன்பு பூண்டவர். மகாவித்துவானிடம் பாடம் கேட்கச் சென்ற இளைஞர் உ. வே. சாமிநாதையர், பின்னாளில் எழுதிய தம் வரலாற்றில் வேதநாயகரையும் குறிப்பிட்டுள்ளார்.

இந்நட்பு வெறும் முகமன் அன்று. 1878இல் வெளியான 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எச்சமயத்தாரும் கூச்சமின்றிப் பாடத்தக்க பாடல்களைக் கொண்டது. கடவுளைப் பற்றிய பாடல்களோடு, குடும்பம், உத்தியோகம், நல்லொழுக்கம் ஆகியன பற்றிய பாடல்களும் அதில் உள்ளன. அக்காலத்துக் கர்நாடக இசையில் தெலுங்கும் சமஸ்கிருதமும் ஓங்கி நின்றன. பொருள் விளங்கும் தமிழில், எல்லாரும் சேர்ந்து பாடும் கீர்த்தனைகளை ஒரு கிறிஸ்தவர் செய்தளித்தார். சட்டத்தில் அவர் செய்ததையே இசையிலும் செய்தார் என்க. கேட்போர்க்கு விளங்கவேண்டும் என்பதே ஈரிடத்தும் அவருடைய கொள்கை.

பஞ்சமும் கப்பலும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மக்கள் பல இலட்சக்கணக்கில் மாண்டனர். வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். அவ்வறத்தைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனையொன்று பாடினார்.

இவ்விடத்தில் மலேசியத் தமிழராகிய நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாயூரம் அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் துறைமுகம் நாகப்பட்டினம். வேதநாயகர் மாயூரத்தில் தீர்ப்பெழுதிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சில காத தூரத்தில் உள்ள நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டுக் கொண்டிருந்தன. அவற்றில் ஏறியோர் ஒப்பந்தக் கூலிகள். அவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தாம் படிக்கவியலாத ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, தாம் அறியாத நாட்டில், தாம் அறியாத சட்டத்தின்கீழ் உழைக்கச் சென்றனர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை 1910இல்தான் ஒழிந்தது. அதன்பின்னும் கங்காணிமுறை நீடித்தது.

கஞ்சித்தொட்டிக்கு வந்தவர் சிலர் பிழைத்தனர். கப்பலேறியவர் வேறு சிலர். இவ்விரு சாராரும் ஒரே மண்ணின் ஒரே பசியில் பிறந்தவர்கள். ஆதலின் வேதநாயகர் எழுப்பிய வினா நமக்கு அயலார் வீட்டு வினா அன்று. நம் பாட்டன்மாரோடு கடல் கடந்து வந்த வினாவாகும்.

ஒரு சீர்தூக்கல்

பெரியாரைப் போற்றுவது நன்று. போற்றுமிடத்தும் கண்ணை மூடிக்கொள்ளுதல் நன்றன்று. வேதநாயகரிடம் நாம் ஏற்கத்தகாதன சில உண்டு. பெண் கற்கவேண்டும் என்றார், எதற்காக? நல்ல மனைவியாக, நல்ல தாயாக விளங்குதற்கு என்பதே அவர் விடையிற் பெரும்பகுதி. அவள் தனக்காகக் கற்கவும், தன் தொழிலுக்காகக் கற்கவும் உரிமையுடையவள் என்னும் கருத்து அவர் நூல்களில் ஓங்கி ஒலிக்கவில்லை. ஞானாம்பாள் நாடாண்டாள், ஆனால் ஆணுடை அணிந்தே ஆண்டாள். சேலையுடுத்த ஞானாம்பாளை அரியணையில் அமர்த்த ஆசிரியர்க்கும் துணிவு பிறக்கவில்லை.

மற்றொன்று. அவருடைய நாவலின் மாந்தர் பெரும்பாலும் செல்வக்குடியினர். வயலில் உழுத பண்ணையாளின் வாழ்வு கதையின் ஓரத்தில் நிற்கின்றதேயன்றி நடுவிடத்துக்கு வரவில்லை. ஆங்கில ஆட்சியையும் அவர் வேரோடு ஐயுற்றவரல்லர். ஆட்சி செம்மையாக நடக்கவேண்டும் என்று விரும்பினார்; அவ்வாட்சி இருக்கலாமா என்று கேட்டாரல்லர்.

இக்குறைகளைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருவர் எங்கே நின்றார் என்பதைவிட, எத்திசை நோக்கி நடந்தார் என்பதே அவரை அளத்தற்குரிய கோல். பண்ணையாள் அவர் நாவலின் நடுவே இல்லை. ஆனால் அப்பண்ணையாளுக்கும் விளங்கும் மொழியில் வழக்கு நடக்கவேண்டும் என்று அதே நாவல் வாதிட்டது. ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஆண்டாள். ஆனால் நாட்டை ஆளும் அறிவு பெண்ணுக்கு உண்டென்பதைப் படித்த சிறுமி ஒருத்தி அக்கதையால் அறிந்துகொண்டாள். அவர் திறந்த வழியில் பின்வந்தோர் மேலும் நடந்தனர். மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்து, பெண்கள் நிலையை இன்னும் கூர்மையாகப் பேசிற்று.

டெங்கிலில் நின்று பார்த்தால்

இனி, நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். சிலாங்கூரில் லங்காட் ஆற்றங்கரையிலுள்ள டெங்கிலைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அவற்றுள் ஒன்று பிராங் புசார். முதல் உலகப்போரில் ஈடுபட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர்கள் 1921இல் அதனைத் தோற்றுவித்தனர். மலாய் மொழியில் பெரும்போர் என்று பொருள்படும் அப்பெயரையே அதற்கு இட்டனர். பால்வெட்டியோர் தமிழர். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த சிறு கொட்டகைகளில்தான் நம் முன்னோர் எழுத்துக்கூட்டிப் படித்தனர். மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுவதற்கு அக்கொட்டகைகளே வித்து.

1990களில் அத்தோட்ட நிலத்தில் புத்ராஜெயா என்னும் நிர்வாகத் தலைநகர் எழுந்தது. நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் பால்வெட்டிய நிலப்பரப்பில் எழுந்த அந்நகரில், நாட்டின் உச்சநிலை வழக்குமன்றங்கள் அமர்ந்துள்ள நீதி மாளிகையும் ஓங்கி நிற்கின்றது. வேதநாயகரின் வினாவை அம்மாளிகையின் படிக்கட்டில் நின்று கேட்டுப்பாருங்கள். அதன் கூர்மை சற்றும் மழுங்கியிருக்காது.

இந்நாட்டில் வழக்குமன்றத்தின் மொழி தமிழாகவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பல இனத்தார் வாழும் நாட்டில் தேசிய மொழி மலாய். தமிழ் மட்டும் அறிந்த வழக்காளிக்கு மன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் துணைநிற்கின்றார். நம் கவலை அதற்கும் முந்தியது. தோட்டத்தை விட்டுப் பெயரும்போது கையில் கொடுக்கப்படும் ஒப்பந்தம், வீட்டுக்கடன் பத்திரம், வேலையினின்று நீக்கும் கடிதம், திருமணப் பதிவு, பிறப்புச் சான்று ஆகிய இத்தாள்களை நம் மக்களுள் எத்தனைபேர் பொருளுணர்ந்து படித்தபின் கையொப்பம் இடுகின்றனர்? பொருளறியாது இட்ட ஒரு கையொப்பத்தால் வீடிழந்தோரும் ஊதியமிழந்தோரும் உளர். நாகப்பட்டினத்தில் தாம் படிக்கவியலாத ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட பாட்டனுக்கும், இன்று படியாமல் கையொப்பமிடும் பேரனுக்கும் இடையே எவ்வளவு வேற்றுமை?

சட்டம் கற்ற தமிழ் இளைஞர் நம்மிடையே பலர் உளர். நாட்டு மொழியும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அறிந்தவர் அவர். வேதநாயகர் தனியொருவராக, அலுவல் நேரம்போக எஞ்சிய நேரத்தில், ஐம்பதாண்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார். நம் இளைஞர் தொழிலாளர் சட்டத்தின் பத்துப் பக்கங்களை எளிய தமிழில் எழுதி ஊர்தோறும் கொடுத்தல் ஆகாதா? ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்திலோ, மாதா கோயில் முற்றத்திலோ, பள்ளிக்கூடத்திலோ அமர்ந்து, முதியோர் கொண்டுவரும் தாள்களைப் படித்துப் பொருள் சொல்லுதல் ஆகாதா? சமயம் எதுவாயினும் இத்தொண்டுக்குத் தடையில்லை. யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் கத்தோலிக்கக் குருவாயிருந்தே மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப்பணி புரிந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூட முன்னின்றார். அறிஞர்க்குரிய தமிழ்ப்பணிக்கு அவர் எடுத்துக்காட்டு. எளியார்க்குரிய தமிழ்ப்பணிக்கு மாயூரத்து முன்சீப் எடுத்துக்காட்டு.

வேதநாயகருக்கு விழா எடுப்போர் அவர் படத்துக்கு மாலை சூட்டுவர். முதல் நாவலாசிரியர் என்று முழங்குவர். செய்யட்டும். ஆனால் அவர் விரும்பியிருக்கக்கூடிய விழா வேறொன்று உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவி, தன் பெயருக்கு வந்த சர்க்கார்க் கடிதத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை விளங்கிக்கொண்டு, "அப்படியானால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லும் நாளே அவ்விழாநாள். அந்நாளை நம் ஊரில் கொணர்வது நம் கையிலேயே இருக்கின்றது.